படம் மட்டும் போதும்

ஹார்டு டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயுத பூஜையா, அரிவாளுக்கு வை, தையல் மிஷினுக்கு வை, வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கு. கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில்கூட ஒன்று வைத்துக்கொள். ஆனால் சிலர் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கிற டிஸ்க்கைத் தேடிப் பிடித்துப் பொட்டு வைப்பார்கள். அதன் மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். சரியாக அந்தத் துளையின் மேல்தான் அப்புவார்கள். அது டிஸ்க் மூச்சு விடுகிற துளை. மூக்கை அடைத்துவிட்டு நல்லா ஓடு சாமி என்றால் எது ஓடும்?

என் பெயர் சூடாமணி. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் கடை. செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளைத் திறந்து, உள்ளே கிடப்பதை மீட்டுக் கொடுப்பது என் தொழில். எங்கள் சௌராஷ்டிரா ஜனத்தில் பெண்பிள்ளை டீச்சர் ஆகலாம், பேங்கில் உட்காரலாம். ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தால் வரன் வராது என்று அம்மா சொன்னாள். வரவில்லை. அதற்குக் காரணம் ஸ்க்ரூடிரைவரா என் வாயா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், ஆனி மாதம். வக்கீல் இம்மானுவேல் முற்பகலில் மாடியேறி வந்தார். பக்கத்துக் கோர்ட்டில் பார்த்துப் பழகிய முகம். அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள். ஒடிசலான உடம்பு, வெயிலில் வெளுத்த புடவை. கடைக்குள் வந்ததும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மூன்றாவதாக வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். இடது காதில் புதுத் தையல். அவன்தான் துண்டைப் பிரித்து டிஸ்க்கை என் மேஜையில் வைத்தான். மூடியில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"இந்தப் பொட்ட வச்ச புண்ணியவான் யாரு?" என்றேன்.

"நான்தான்க்கா. போன ஆயுத பூசைக்கு வச்சது."

"ஒங்க மூக்குல சந்தனத்த வச்சு அடைச்சா என்ன பண்ணுவீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெயர் சோணைமுத்து. கொட்டாம்பட்டியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவன் கேமராதான்.

டிஸ்க்கை மாட்டிக் கரண்ட் கொடுத்தேன். டக், டக், டக் என்றது. உடனே நிறுத்தினேன். டிஸ்க்குக்குள் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் தட்டு சுற்றும். அதன் மேல் படாமல் ஒரு சின்னக் கை போய்ப் போய்ப் படித்துவரும். ஹெட் என்போம். அந்தக் கை ஒடிந்தால் வருகிற சத்தம் அது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

தரையில் இருந்த அம்மாள்தான் சொன்னாள்.

"எம்புள்ளையக் கொன்னது இருக்கு தாயி."

அவள் பெயர் மலையம்மாள். மீதியை இம்மானுவேல் சொன்னார்.

கொட்டாம்பட்டிப் பக்கம் கோடையில் கம்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் எல்லாரும் ஊத்தாவோடு இறங்கலாம். ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளைக் கூம்பாகக் கட்டிய, இரண்டு பக்கமும் திறந்த கூடை. மீன் ஓடுகிற இடத்தில் கவிழ்த்துச் சேற்றில் அழுத்திவிட்டு, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். அன்றைக்கு ஊர், காலனி என்ற பேதம் கிடையாது என்று பேச்சு. மலையம்மாளின் மகன் கருப்பு காலனிப் பையன். அவன் பேச்சை நம்பி இறங்கினான். இறங்கியவன் பிணமாகத்தான் கரையேறினான். குடித்துவிட்டுச் சேற்றில் குப்புற விழுந்து மூச்சு முட்டிச் செத்தான் என்று போலீஸ் எழுதிவிட்டது. ஊரே பார்த்திருந்தும், வாய் திறக்க ஒருவரும் இல்லை.

"கருப்பு குடிக்க மாட்டான் மேடம்" என்றார் இம்மானுவேல். "மருதுன்னு ஒருத்தன். ஊர்ல பெரிய தலக்கட்டு. அவனும் அவன் ஆளுங்களும் அடிச்சு அமுக்கிக் கொன்னுருக்காய்ங்க. இந்தத் தம்பி கேமராவுல அது பதிவாகியிருக்கு. கேஸ மூடுறதுக்குள்ள கோர்ட்டுக்குக் குடுக்கணும். இத விட்டா எங்களுக்கு வேற சாட்சியே இல்ல."

"கேசட் இருக்குமே?"

"கேசட்ட மருதண்ணே வாங்கி அடுப்புல போட்டுட்டாரு" என்றான் சோணைமுத்து. கொன்றவனைப் பற்றிப் பேசும்போதும் அவனுக்கு அண்ணே வந்தது. பங்காளி முறையாம். "கம்ப்யூட்டர்லயும் ஏத்தியிருந்தேன்னு பொறவு தெரிஞ்சுபோச்சு. ஸ்டுடியோவுக்கு வந்து மானிட்டர அருவாளால வெட்டுனாங்க. படம் அதுக்குள்ளதான் இருக்கும்னு நெனச்சுட்டாங்க. பொட்டிய எத்துனதுல கீழ விழுந்துருச்சு. நான் டிஸ்க்க மட்டும் கழட்டிக்கிட்டு வக்கீலய்யாகிட்ட ஓடியாந்துட்டேன்."

அரிவாளால் மானிட்டரை வெட்டிய மடையர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் காதுத் தையலைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

போகும்போது அவன் மட்டும் வாசலில் தயங்கி நின்றான்.

"அக்கா, படம் மட்டும் வந்தாப் போதும். சத்தம் வரலேன்னாலும் பரவால்ல. அதுக்காக ஒண்ணும் சிரமப்படாதீக."

"ஏன்யா, டிஸ்க்கு என்ன ஓட்டலா, இட்லி போதும் சாம்பார் வேணாங்கறதுக்கு? எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்கும். வந்தா ரெண்டும் வரும், போனா ரெண்டும் போகும்."

அவன் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு படியிறங்கினான். விவரம் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒடிந்த ஹெட்டை மாற்ற அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வேண்டும். அதே மாடல் என்றால் மட்டும் போதாது. ஒரே தொழிற்சாலையில், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும். ஜாதகப் பொருத்தத்தை விட இது கஷ்டம். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் என் சித்தி மகன் ராகேஷின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கண்டுபிடித்தேன். அவன் ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த பாட்டுகளையெல்லாம் வேறு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பிடுங்கி வந்தேன். எங்கள் வீட்டுப் பாஷையில் அவன் என்னைத் திட்டியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

பின்னறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். தூசியை வடிகட்டி உள்ளே காற்று விடும். அதற்குள் கையை விட்டு, ராகேஷின் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து சோணைமுத்துவின் டிஸ்க்கில் உட்காரவைத்தேன். எச்சில் விழுங்கக்கூடப் பயம். தட்டின் மேல் விரல் பட்டால் அவ்வளவுதான், ஒரு தாயின் வழக்கு அங்கேயே முடிந்தது.

மூடும்போதுதான் பொட்டு வைத்த மூடியைக் கவனித்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்துகொண்டிருந்தது. அதை மறுபடி மேலே போட்டால் நானே தூசியை உள்ளே தூவின மாதிரி. அதனால் ராகேஷ் டிஸ்க்கின் சுத்தமான மூடியை இதற்குப் போட்டேன். பொட்டு வைத்த மூடியைக் குடல் எடுத்த ராகேஷ் டிஸ்க்கின் மேல் வைத்துத் திருகி, முன்மேஜையில் போட்டேன். பிரித்த சாமானைப் பிரித்தபடி விடுவது எனக்குப் பிடிக்காது. அதில் வேறு யோசனை எதுவும் இல்லை.

டிஸ்க் ஓடியது. ஒட்டவைத்த ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். இடையில் நின்றால் மறுபடி கிளம்பும் என்று எந்தச் சாமியும் உத்தரவாதம் தராது. அடிபட்ட இடங்களில் முக்கி முக்கிப் படித்தது. மறுநாள் காலை கடை திறந்தபோதும் படித்துக்கொண்டேதான் இருந்தது.

அன்று வெயில் ஏறும் நேரத்தில் மருது வந்தான்.

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கூட இரண்டு பேர். ஒருவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். மருது என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கல்யாணம் பேச வந்தவன் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தான்.

"டிஸ்க்கு டாக்டரு நீதானாம்மா?"

"கடைக்கு வர்றவங்க கதவ ஏன் சாத்துறீங்க?"

"வாயி நீளம்னாங்க, சரியாத்தான் இருக்கு. பொட்டு வச்ச டிஸ்க்கு ஒண்ணு வந்துருக்காமே. சோண சொன்னான். மொதல்ல சொல்ல மாட்டேன்னான். பொறவு சொன்னான்."

அவன் கண் மேஜைக்கு இறங்கியது. குங்குமம் அவனைப் பார்த்துச் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அவன் முகம் மலர்ந்தது. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இவன் தேடுவது பொட்டை. பொட்டு இருப்பது வெறும் கூட்டில்.

எடுத்துக்கொண்டு போய்த் தொலையட்டும் என்று சும்மா இருந்திருப்பேன். ஆனால் கதவருகில் நின்றவன் காதைத் தீட்டிக்கொண்டு பின்னறைத் திரையைப் பார்த்தான்.

"அண்ணே, உள்ள என்னமோ ஓடுது."

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மேஜை மேல் பாய்ந்து, பொட்டு வைத்த டிஸ்க்கை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"இதத் தர மாட்டேன்! கொன்னாலும் தர மாட்டேன்!" என்று கத்தினேன்.

திரைப்பக்கம் போனவன் திரும்பி வந்தான். மூன்று பேரும் என் மேல் விழுந்தார்கள். ஒருவன் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கழுத்து முறிகிற மாதிரி இருந்தது. மருது புறங்கையால் அறைந்தான். மோதிரம் உதட்டைக் கிழித்து, வாய் நிறைய ரத்தம். நான் விடவில்லை. விட்டால் சுலபமாகக் கொடுத்துவிட்டாளே என்று யோசிப்பார்கள். யோசித்தால் திரையைத் தூக்குவார்கள். என் தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினார்கள். கண் இருட்டியது. அப்போதும் விடவில்லை. ஒன்றுமில்லாத ஒரு தகரக் கூட்டுக்காக, பெற்ற பிள்ளையைப் பிடுங்க வந்தவர்களிடம் மல்லுக்கு நிற்கிற மாதிரி நின்றேன்.

மருது என் வலதுகைச் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். அது ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த விரலைப் பிடித்தான். அப்புறம் நான் அலறியதுதான் நினைவிருக்கிறது. டிஸ்க் என் கையிலிருந்து போய்விட்டது. பயத்தில் புடவை நனைந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பழைய குழவிக்கல் வைத்திருந்தேன். அதைத் தூக்கி டிஸ்க்கின் மேல் போட்டார்கள். மூடி நசுங்கியது. பொட்டு தெறித்தது. மறுபடி மறுபடி போட்டார்கள். தட்டு வளைந்து வெளியே வந்து விழுந்தது. மருது அதைக் குனிந்து எடுத்து, அதில் தன் முகத்தைப் பார்த்து, மீசையை ஒதுக்கிக்கொண்டான். சத்தியமாக. பிறகு அதையும் காலில் போட்டு மிதித்தான்.

"இனிமே இந்தக் கை எதையும் தோண்டக் கூடாதுடா" என்றான்.

ஒருவன் என் வலது கையைத் தரையில் விரித்துப் பிடித்தான். இன்னொருவன் குழவிக்கல்லைத் தூக்கினான்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அலறல் கேட்டு ஜெராக்ஸ் கடைக்காரர்கள் மாடியேறி வரும் சத்தத்தில் அவர்கள் இறங்கிப் போனார்கள். ஓடவில்லை, நடந்தே போனார்களாம். முதலில் உள்ளே வந்தது ஜெராக்ஸ் கடைத் தங்கப்பொண்ணு. என்னைப் பார்த்து ஐயோ என்று தலையில் கை வைத்தாள்.

"பின்னாடி ரூமுக்குப் போ. பச்ச லைட்டு எரியுதான்னு பாரு" என்றேன்.

"அக்கா, கையெல்லாம்..."

"போய்ப் பாருடி மொதல்ல!"

அவள் போய்த் திரும்பினாள். "எரியுதுக்கா. மினுக்கு மினுக்குன்னு எரியுது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிற்கவில்லை.

நகல் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கையில் மாவுக்கட்டோடு ஆளனுப்பி இம்மானுவேலை வரச்சொன்னேன். மலையம்மாளும் வந்தாள். சோணைமுத்துவையும் அவர்கள் கூட்டி வந்தார்கள். அவன் முகம் வீங்கி ஒரு கண் மூடியே போயிருந்தது. என் கட்டைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"அடி தாங்கலக்கா. சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்தேன். அடி எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். அதனால் சும்மா இருந்துவிட்டேன். மலையம்மாள்கூட அவனைத் தேற்றினாள்.

"விடு சாமி. நீயாச்சும் எம்புள்ளைக்காக அடிபட்டியே" என்றாள். ஊர்க்காரன் எவனாக இருந்தாலும், பேரன் வயசானாலும், அவள் வாயில் சாமிதான்.

அந்தம்மாள் இதைப் பார்க்க வேண்டாம், வெளியே இருக்கட்டும் என்றார் இம்மானுவேல்.

"பெத்தவ பாக்காம வேற யாரு பாக்குறது? போடு தாயி" என்றாள் மலையம்மாள்.

இடது கையால் மவுஸைப் பிடித்தேன். அந்த நேரத்தில் சோணைமுத்து ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டினான்.

"அக்கா, சத்தத்த வேணா கொறச்சிருவோம். ஒரே எரைச்சலா இருக்கும்..."

நீட்டிய கையை ஓங்கித் தட்டிவிட்டேன். படம் ஓடத் தொடங்கியது.

கம்மாய்க்கரை முழுக்க ஜனம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். ஹோவென்று கத்திக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். சேற்றுத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க ஊத்தா குத்துகிறார்கள். கேமரா அவர்களுக்கு நடுவிலேயே நடந்து போகிறது. பச்சைப் பனியனில் ஒரு பையன் ஊத்தாவுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, தொடை நீளத்துக்கு ஒரு விராலை வெளியே இழுத்தான். தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். வாய்கொள்ளாத சிரிப்பு.

"சோணண்ணே, இதப் புடிங்கண்ணே! நல்லா புடிங்க!" என்றான் கேமராவைப் பார்த்து.

மலையம்மாள் தரையில் இருந்தபடியே திரையை நோக்கி நகர்ந்து வந்தாள்.

மருது தெரிந்தான். அதே வெள்ளைச் சட்டை, சேறு தெறித்திருந்தது.

"கம்மாயிலேயே பெரிய மீனு ஒனக்காடா? கீழ போடு."

"எல்லாரும் எறங்குற கம்மாதானங்க. நான் புடிச்சது எனக்கு."

பையன் சொன்னது அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவன் முதுகில் உதைத்தான். கருப்பு முழங்கால் போட்டு விழுந்தான். எழுவதற்குள் ஒருவன் ஊத்தாவை அவன் தலைவழியே கவிழ்த்தான். தோளோடு கைகள் இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டன. அப்படியே குப்புறத் தள்ளிச் சேற்றில் அழுத்தினார்கள். மூங்கில் சிம்பு ஒடிகிற சத்தம். அடுத்தடுத்து ஆட்கள் சேர்ந்து சூழ்ந்துகொள்ள, ஈர முதுகுகள்தான் படம் முழுக்க. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. சேறு புகுந்த குரல்.

"சோணண்ணே! சொல்லுங்கண்ணே... விடச் சொல்லுங்கண்ணே..."

அப்போது ஸ்பீக்கரில், மற்ற எல்லாச் சத்தத்தையும் விடத் தெளிவாக, கேமராவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"அண்ணே, மறைக்குது. கொஞ்சம் தள்ளுங்க."

தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி நிற்கிறவர்களிடம் வீடியோக்காரன் சொல்கிற அதே வார்த்தை. அதே குரல். நாம் எல்லாரும் எத்தனை கல்யாணத்தில் அதைக் கேட்டு விலகியிருக்கிறோம்! அவர்களும் விலகினார்கள். பழக்கதோஷம். முதுகுகள் இரண்டு பக்கமும் பிரிந்தன. பிரிந்தவர்கள் கேமராவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டான். நடுவில் மருது, கவிழ்ந்த ஊத்தாவின் மேல் ஒரு காலை ஊன்றி, நேராக நம்மைப் பார்த்தான். அவன் காலுக்குக் கீழே, சேற்றுக்கு வெளியே, இரண்டு பாதங்கள் உதைத்துக்கொண்டிருந்தன. பிறகு மெதுவாக உதைத்தன. பிறகு நின்றன. படம் ஒரு தடவைகூட ஆடவில்லை.

நிறுத்தினேன். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

இம்மானுவேல்தான் சொன்னார்.

"அந்த ஒரு வார்த்த இல்லேன்னா வெறும் முதுகுதான் இருந்துருக்கும் மேடம். இப்ப எல்லா மூஞ்சியும் விழுந்துருச்சு."

மலையம்மாள் எழுந்தாள். சோணைமுத்துவின் முன்னால் போய் நின்றாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"டேய்" என்றாள்.

அவள் வாழ்நாளில் ஊர்க்காரன் ஒருவனை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். கூப்பிட்டுவிட்டு அறைந்தாள். வீங்கியிருந்த முகத்திலேயே அறைந்தாள். நாற்று நட்டு, களையெடுத்து, கல் சுமந்த கை. இந்தக் கன்னம், அந்தக் கன்னம், தலை, மார்பு என்று கை போன இடமெல்லாம் அடித்தாள். காதுத் தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது. இம்மானுவேல் எழப்போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அடிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. இன்னும் நாலு போடட்டும் என்றுதான் இருந்தது.

"ஒன் பேரச் சொல்லிக் கூப்புட்டான்டா! சாகையில ஆத்தான்னு கூப்புடல, ஒன்னைய அண்ணேன்னு கூப்புட்டான்டா!"

"தெரியாம வாயில வந்துருச்சு ஆத்தா" என்று அவன் தேம்பினான். "கண்ண வியூஃபைண்டர்ல வச்சுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. கல்யாண வீட்டுல சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி. ஊத்தாவ விட்டுக் கால எடுக்கச் சொல்லியிருக்கணும். தள்ளுங்கன்னு சொல்லிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, சத்தத்த மட்டும் எடுத்துருங்க. ஒங்களுக்கு முடியும். எடுத்துட்டா நான் கூண்டுல ஏறி எல்லாத்தையும் சொல்றேன். அதோட என்னால ஏற முடியாது. எம்புள்ளைக நாளைக்கு அதக் கேக்கும்."

முடியும்தான். படத்திலிருந்து குரலைப் பிரித்து எறிவது பல் தேய்க்கிற நேரத்து வேலை. நான் இம்மானுவேலைப் பார்த்தேன்.

"ஒரு நொடிய வெட்டினாலும், வெட்டி ஒட்டுன படம்னு அவங்க வக்கீல் தூக்கி எறிஞ்சிருவான்" என்றார். "ஆனா எடுத்தவன் கூண்டுல ஏறி, இது நான் எடுத்ததுன்னு சத்தியம் பண்ணாட்டியும் செல்லாது. இவன் வரணும்."

ஆக, மகனைச் சாகவிட்டுப் படம் பிடித்தவன் வந்தால்தான் மகனுக்கு நியாயம். மலையம்மாளுக்கு அது புரிந்தது. கை ஓங்கியபடி நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

"சத்தம் அப்படியே இருக்கணும்" என்றாள். "எம்புள்ள கொரலு ஒலகத்துல வேற எங்கடா இருக்கு? அதுல மட்டுந்தான் இருக்கு. ஒன் கொரலும் கூடவே கெடக்கட்டும். நட."

அவன் நடந்தான். அவள் காலரை விடாமல் அவனைப் படியிறக்கினாள். நகல் எடுத்த டிஸ்க்கோடு நானும் இம்மானுவேலும் பின்னால் போனோம். கீழே தங்கப்பொண்ணு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது, டூவீலர்காரன் திட்டினான், டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து பார்த்தார்கள். காலனிக்காரி ஒருத்தி ஊர்க்காரனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போவது அந்த ரோட்டில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. சோணைமுத்துவுக்குத் தெரிந்தது. ரத்தம் ஒழுகின காதோடு குனிந்த தலை நிமிராமல் போனான். பட்டன்கள் அறுந்து விழுந்தன. அவள் பிடி தளரவில்லை.

கோர்ட்டு வாசலில் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"ஏம்மா, யாரும்மா இந்தாளு? மொதல்ல சட்டைய விடு."

"எம்மகனுக்குச் சாட்சிங்கய்யா" என்றாள் மலையம்மாள். "கூண்டுல ஏறட்டும், விடுறேன்."